உலகம் சுற்றிய காஜி இப்னு பதூதா

நம் தோட்டங்களுக்கு வந்த முதல் தலைமுறையினரில் பலர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள். ரஜூலா கப்பலின் பெயரைக் கேட்டாலே கண் கலங்கும் பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோரின் ஊர்களையும் இந்த நீரிணையையும் கடந்து சென்ற ஒரு பயணி உண்டு. அவர்தான் இப்னு பதூதா.

வடமேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய மொராக்கோ நாட்டின் தன்ஜா நகரில் 1304ஆம் ஆண்டு அவர் பிறந்தார். இயற்பெயர் முஹம்மது. மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்த, காஜிகள் பலரைத் தந்த குடும்பம். 1325ஆம் ஆண்டு ஜூன் மாதம், 21 வயதில், ஹஜ்ஜை நிறைவேற்றத் தனியாகப் புறப்பட்டார். வாப்பாவும் உம்மாவும் உயிருடன் இருந்தார்கள். அவர்களைப் பிரிந்த துயரம் அவரை வாட்டியது. வழியில் காய்ச்சல் கண்டபோதும் திரும்பவில்லை. விழுந்துவிடாமல் இருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஓர் இறைநேசரைச் சந்தித்தார். இந்தியாவிலும் சிந்திலும் சீனாவிலும் இருக்கும் தம் சகோதரர்களுக்கு ஸலாம் சொல்லும்படி அந்தப் பெரியவர் கேட்டுக்கொண்டார். அதுவரை அத்தனை தொலைவு போகும் எண்ணமே இளைஞருக்கு இல்லை. ஹஜ் முடிந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. ஈராக், பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, துருக்கியர் நாடு என்று சுற்றி, 1333ஆம் ஆண்டு சிந்து நதியை அடைந்தார்.

டில்லியில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவரைக் காஜியாக நியமித்தார். ஆண்டுக்கு 12,000 தினார் சம்பளம். ஆனால் அந்தச் சுல்தானின் கை கொடுப்பதற்கும் நீளும், தலையை எடுப்பதற்கும் நீளும். அச்சத்தோடு சில ஆண்டுகள் கழிந்தன. பிறகு சீனப் பேரரசருக்குத் தூதராக அவரையே சுல்தான் அனுப்பினார்.

கோழிக்கோட்டில் கப்பல்கள் தயாராக நின்றன. ஜும்ஆ தொழுகைக்காக இப்னு பதூதா கரையில் தங்கினார். அதன்பின் எழுந்த புயலில் சுல்தானின் அன்பளிப்புகளை ஏற்றியிருந்த கப்பல் உடைந்து, அதில் இருந்தவர்கள் மாண்டார்கள். அவருடைய சொந்த உடைமைகள் இருந்த மற்றொரு கப்பல் அவரை விட்டுவிட்டே கடலுக்குள் போய்விட்டது. கடைசியில் அவரிடம் மிஞ்சியது ஒரு தொழுகை விரிப்பும் பத்துத் தினாரும். வெறுங்கையோடு டில்லிக்குத் திரும்ப அஞ்சினார். அந்த அச்சமே அவரை நம் பக்கத்துக் கடலுக்குக் கொண்டு வந்தது.

முதலில் மாலத்தீவு. அரசி கதீஜா ஆண்ட காலம் அது. சோழி காசாகப் புழங்கியது. தேங்காய் நார்க் கயிறும் உலர்ந்த மீனும் ஏற்றுமதியாயின. அங்கும் காஜியாகி, பெரிய குடும்பங்களில் திருமணங்கள் செய்துகொண்டார். பிறகு அமைச்சரோடு மனக்கசப்பு ஏற்பட்டுத் தீவை விட்டார்.

1344ஆம் ஆண்டு இலங்கையின் புத்தளத்தில் இறங்கினார். அங்கே அப்போது இருந்தவர் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. மன்னருக்குப் பாரசீக மொழி தெரிந்திருந்ததால் இருவரும் நேராகப் பேசிக்கொண்டார்கள். முத்துகளைப் பற்றிப் பேச்சு வந்தது. வேண்டியதைக் கேட்கும்படி மன்னர் சொன்னபோது, பாவா ஆதம் மலைக்குப் போக வழி செய்து தந்தால் போதும் என்றார் பயணி. மன்னர் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் ஆண்டுதோறும் மலைக்குப் போகும் யோகிகள் நால்வரும் பிராமணர் மூவரும் இருந்தார்கள். தமிழ் மன்னர் ஒருவரின் செலவில், பிற சமயத்தாரின் துணையோடு, ஒரு முஸ்லிம் பயணி ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்ததாகச் சொல்லப்படும் மலையில் ஏறினார்.

வழியெல்லாம் அட்டைக் கடி. எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் அட்டை விழுந்துவிடும் என்பதை அவர் குறித்து வைத்திருக்கிறார். விடியுமுன் ரப்பர் வெட்டப் போன நம் தாய்மார்களுக்கு அந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. உச்சிக்கு அருகே பாறையில் பொருத்தியிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றியபடியே ஏறினார்.

இலங்கையிலிருந்து புறப்பட்ட கப்பல் தமிழகக் கரையை நெருங்கும்போது புயலில் சிக்கியது. உயிர் பிழைத்துக் கரை சேர்ந்தவரை மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் தாமகானியின் பாளையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். இருவரும் சகலர்கள்; மாபாரின் முதல் சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகள்மாரை மணந்தவர்கள். உறவினர் என்பதால் நல்ல வரவேற்பு கிடைத்தது. ஆனால் அந்தச் சுல்தான், பிடிபட்ட மக்களைக் கழுவில் ஏற்றியதையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் இப்னு பதூதா கண்டார். உறவு, ஒரே மார்க்கம் என்று பார்த்து அவர் அதை மறைக்கவில்லை. மிகக் கொடிய செயல் என்று கண்டித்துத் தம் நூலில் பதிவு செய்தார். ஆயினும் அதே சுல்தானோடு சேர்ந்து மாலத்தீவு மீது படையெடுக்கவும் திட்டமிட்டார் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். அந்தத் திட்டம் நிறைவேறவில்லை.

மதுரையில் கொள்ளைநோய் பரவியது. சுல்தானின் குடும்பத்தாரும் பிறகு சுல்தானும் இறந்தார்கள். இப்னு பதூதாவுக்கும் கடும் காய்ச்சல். பிழைப்போம் என்ற நம்பிக்கை போயிற்று. அப்போது அங்கே மலிவாகக் கிடைத்த புளியை நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு கழிந்தது. இறையருளால் குணம் ஏற்பட்டது. நம் அடுப்படியில் இருக்கும் புளிதான் அந்த மாபெரும் பயணிக்கு மருந்தானது.

பிறகு கொல்லம் வழியாகப் போகையில் கடற்கொள்ளையர்கள் உடுத்திய கால்சட்டை தவிர எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். மாலத்தீவுக்கு மீண்டும் போய், தாம் இல்லாதபோது பிறந்த மகனைப் பார்த்தார். தாயிடம் இருப்பதே பிள்ளைக்கு நல்லது என்று விட்டுவந்தார். வங்காளத்தில் ஷெய்கு ஜலாலுத்தீன் அவர்களைக் கண்டுவிட்டு, சுமத்ராவின் சமுத்திரா நகரை அடைந்தார். அங்கே ஷாபியீ மத்ஹபைப் பின்பற்றிய சுல்தான் மலிக்குல் ஸாஹிர் ஜும்ஆவுக்கு நடந்தே பள்ளிவாசலுக்குச் செல்வதைக் கண்டார்.

அங்கிருந்து சீனாவுக்குக் கப்பல். அடுத்து அவர் இறங்கிய முல்ஜாவா என்பது மலாய்க் கரையா, ஜாவாவா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். மலாக்கா நகரம் தோன்றாத காலம் அது. போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவானில், வானம் தெளிந்த நாளில் எதிரே சுமத்ராக் கரை தெரியும். நடுவே உள்ள அந்தக் கடல்வழியில்தான் சீனக் கப்பல்கள் போய்வந்தன.

சீனாவில் தம் நாட்டுச் சபதா நகரத்தார் ஒருவரைச் சந்தித்து இருவரும் அழுதார்கள். பல ஆண்டுகள் கழித்து சஹாரா பாலைவன ஓரத்தில் அவருடைய சகோதரர் வீட்டிலேயே இப்னு பதூதா தங்க நேர்ந்தது.

1348ஆம் ஆண்டு டமாஸ்கஸ் திரும்பியபோது, அங்கே விட்டுச் சென்ற மகன் 12 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டதை அறிந்தார். வாப்பா மறைந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. உம்மாவையாவது காணலாம் என்று விரைந்தவருக்கு, ஊரை நெருங்கும்போது இன்னொரு செய்தி கிடைத்தது. அந்த ஆண்டுகளில் உலகையே வாட்டிய கொள்ளைநோயில் உம்மாவும் இறந்துவிட்டார். 24 ஆண்டுகள் கழித்து ஊர் வந்தவர் உம்மாவின் கப்ரைத்தான் ஸியாரத் செய்ய முடிந்தது.

ஊரில் தாய் இறந்த செய்தியைத் தபாலில் அறிந்து, தோட்டத்து லயத்தில் அழுத நம் பெரியவர்களும் இந்த வேதனையை அறிந்தவர்களே. பயணம் தந்ததை மட்டும் சொல்லி, அது எடுத்துக்கொண்டதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

ஸ்பெயினின் கிரானடாவுக்கும், பாலைவனம் கடந்து மாலி நாட்டுக்கும் போய்வந்த பிறகுதான் அவர் ஓய்ந்தார். மொராக்கோ சுல்தான் அபூ இனான், அவர் சொல்வதைக் கேட்டு எழுத இப்னு ஜுஸை என்ற எழுத்தாளரை அமர்த்தினார். நூல் 1355ஆம் ஆண்டு முடிந்தது. நினைவிலிருந்து சொன்னதால் சில இடங்களில் காலக் குழப்பம் உண்டு. முந்திய நூல்களிலிருந்து எடுத்த பகுதிகளும் உண்டு. ஆயினும் மதுரைச் சுல்தான்களைப் பற்றி நேரில் கண்டு எழுதியவர் என்பதால் தமிழக வரலாறு எழுதுவோர் இன்றும் அவரைத் தேடிப் போகிறார்கள். இறுதிக் காலத்தில் தம் நாட்டிலேயே காஜியாகப் பணியாற்றி மறைந்தார்.

ஒருவர் சொல்ல, ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து எழுதியதால்தான் அந்தப் பயணம் நமக்குக் கிடைத்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யாரை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதை எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்? சொல்ல அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் அருகில் அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக.