இனப் பிரச்சினையை ஆய்வுத் துறையாக்கிய டு போய்ஸ்

ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இனம், இனத்துவம் என்பன இன்று தனியானதொரு கற்கைநெறியாகப் போதிக்கப்படுகின்றன. வரலாறு, சமூகவியல், பொருளியல், சட்டம், இலக்கியம் ஆகிய துறைகள் அதில் ஒன்றிணைகின்றன. இத்தகைய கற்கைக்கு அடித்தளமிட்ட முன்னோடிகளுள் முதன்மையானவராக டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸைக் குறிப்பிடலாம்.

அந்நாட்டில் அடிமை முறை ஒழிக்கப்பட்டு மூன்றாண்டுகள் நிறைவுறும் முன்னர், 1868 பெப்ரவரி 23 ஆம் திகதி மாசசூசெற்ஸ் மாநிலத்தில் அவர் பிறந்தார். பிஸ்க், ஹாவர்ட், பேர்லின் பல்கலைக்கழகங்களில் பயின்று, 1895 இல் ஹாவர்டில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதலாவது கறுப்பினத்தவரானார்.

மறு ஆண்டு, பிலடெல்பியா நகரின் கறுப்பின மக்களை ஆராயும் பணியைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரிடம் ஒப்படைத்தது. ஆயினும் அங்கு விரிவுரையாற்றும் வாய்ப்பு அவருக்கு அளிக்கப்படவில்லை. ஏறத்தாழ 2,500 குடும்பங்களை வீடு வீடாகச் சென்று சந்தித்த அவர், தொழில், வாடகை, கல்வி, சுகாதாரம், குற்றம் ஆகியன பற்றிய தகவல்களைத் திரட்டினார். வறுமையும் குற்றமும் இனத்தின் பிறவிக் குணங்கள் என்ற அன்றைய கருத்தை 1899 இல் வெளிவந்த அவரது நூல் மறுத்தது. அடிமை முறையின் வரலாறும், தொழில் மறுப்பும், பாரபட்சமுமே அவற்றுக்குக் காரணங்கள் என அது நிறுவியது.

அதே ஆண்டில் அட்லாண்டாவுக்கு அண்மையில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி கும்பலொன்றினால் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அது பற்றி நிதானமாக எழுதிய கடிதத்துடன் பத்திரிகை அலுவலகமொன்றுக்குச் சென்றுகொண்டிருந்த டு போய்ஸ், கொல்லப்பட்டவரின் விரல் மூட்டுகள் கடையொன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதை அறிந்து பாதி வழியில் திரும்பினார். உண்மைகளை எடுத்துரைத்தாலே அநீதி நீங்கிவிடும் என்ற அவரது நம்பிக்கை அன்று தகர்ந்தது.

எனினும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை; அதனுடன் போராட்டத்தையும் இணைத்துக்கொண்டார். 1909 இல் உருவான உரிமை இயக்கத்தின் நிறுவுநர்களுள் ஒருவராகி, அதன் சஞ்சிகையை 1910 முதல் 1934 வரை நடத்தினார். கறுப்பின மக்கள் ஆட்சிப் பொறுப்புக்குத் தகுதியற்றவர்கள் என எழுதிய வரலாற்றாசிரியர்களுக்கு, 1935 இல் உள்நாட்டுப் போருக்குப் பிந்திய புனரமைப்புக் காலம் பற்றிய பெருநூல் மூலம் பதிலளித்தார். அன்று புறக்கணிக்கப்பட்ட அந்நூல், பிற்காலத்தில் அக்காலகட்டம் பற்றிய வரலாற்றெழுத்தின் போக்கையே மாற்றியமைத்தது.

சமாதான இயக்கத்தில் ஈடுபட்டமைக்காக 1951 இல் வெளிநாட்டு முகவரெனக் குற்றஞ்சாட்டப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார். 1961 இல் கானா சென்ற அவர், 1963 ஓகஸ்ட் 27 ஆம் திகதி, தமது 95 ஆவது வயதில் அங்கு காலமானார். மறுநாளே வொஷிங்டனில் இலட்சக்கணக்கானோர் சிவில் உரிமை கோரிப் பேரணி நடத்தினர்.

1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்து, 1969 மார்ச் வரை நீடித்த வேலைநிறுத்தத்தின் பயனாகவே அங்கு இனத்துவக் கற்கைகளுக்கான கல்லூரி உருவானது. ஒரு சமூகத்தைப் பற்றித் தீர்ப்பு வழங்க முன்னர் அதன் வாசற்படிக்குச் சென்று விசாரிக்க வேண்டுமென்பதை டு போய்ஸ் அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே செயலில் காட்டியிருந்தார். பல இனங்கள் ஒருங்கே வாழும் எந்நாட்டுக்கும் இது பொருந்தும்.