கடலே இல்லாத பெரம்பலூரில் கல்லான மரம்: யார் இந்த எம்.எஸ்.கிருஷ்ணன்?

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்குப் போனால், 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் படுத்துக் கிடக்கும். தட்டிப் பார்த்தால் கல்! 1940-ல் இதைக் கண்டறிந்தவர் எம்.எஸ்.கிருஷ்ணன்.

1898-ல் தஞ்சாவூர் பக்கம் மகாராஜபுரத்தில் பிறந்தவர். லண்டனில் முனைவர் பட்டம் முடித்து, 1924-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். இந்தியா, பர்மாவின் நிலவியல் பற்றி 1943-ல் அவர் எழுதிய புத்தகத்தை நம்ம ஊர் நிலவியல் மாணவர்கள் பல காலம் படித்தார்கள். 1951-ல் துறைக்கே இயக்குநர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். 1970-ல் மறைந்தார்.

சரி, மரம் எப்படிக் கல்லாச்சு? சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அடித்து வரப்பட்ட மரம் சேற்றில் புதைந்தது. காற்று படாததால் மட்கவில்லை. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல உள்ளே இறங்கிக் கல்லாக்கிவிட்டது. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சிப்பிப் புதைபடிவங்கள் கிடைப்பதற்கும் பழைய கடல்தான் காரணம்.

இந்த விடையை நேரா சொல்லாம, தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்பில் புதிரா கொடுத்தா எப்படி இருக்கும்? அதுதான் பிரச்சினை வழிக் கற்றல். பாடநூலில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி வீடியோவை முதலிலேயே ஓட்டினால் புதிர் போச்சு. பிள்ளைகள் யூகித்து, வாதம் பண்ணி முடித்த பிறகு ஓட்டலாம். 1940-ல் கிருஷ்ணன் முன்னாடி வீடியோ எதுவும் ஓடவில்லையே! பெரம்பலூர், அரியலூர் பள்ளிகளுக்குச் சாத்தனூர் ஒரே நாளில் போய்வரும் தூரம்தான்.