குடும்பத்தின் பெருமை காத்த சௌந்தரம் அம்மையார்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி

முன்னுரை

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் பேருந்தில் ஏறினால் இடப்புறத்தில் சிறுமலை நம்மோடு கூடவே வரும். சுமார் 10 கிலோமீட்டர் சென்றதும் சின்னாளபட்டி, காந்திகிராமம் என்று நடத்துநர் குரல் கொடுப்பார். அந்த இடம் வந்தவுடன் என் பாட்டி தவறாமல் என் தோளைத் தொட்டு ஜன்னலுக்கு வெளியே கை காட்டுவார்கள். உன் அம்மா பிறந்தது அங்கேதான் என்பார்கள். இதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எனக்குச் சில வேளைகளில் சிரிப்புக்கூட வரும். ஆனால் பாட்டியின் முகத்தில் தோன்றும் பூரிப்பு மட்டும் ஒருமுறையும் குறைந்ததில்லை.

ஒரு குழந்தை மருத்துவமனையில் பிறந்ததில் இவ்வளவு பெருமைப்பட என்ன இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். பாட்டி சொன்ன விடையே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது. அதை உரிய இடத்தில் கூறுகிறேன். முதலில் அந்த மருத்துவமனையை நம் பகுதி மக்களுக்கு உண்டாக்கித் தந்த டாக்டர் சௌந்தரம் இராமச்சந்திரன் அம்மையாரின் வாழ்க்கையைக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

சௌந்தரம் அம்மையார் 1904-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் திருக்குறுங்குடியைச் சேர்ந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார், தாயார் லட்சுமி அம்மாள். சுந்தரம் அய்யங்கார் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். அம்மையார் சிறுமியாக இருந்தபோது, 1912-ஆம் ஆண்டில், அவர் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். டி.வி.எஸ். பேருந்து வருவதைப் பார்த்தே கடிகாரத்தைச் சரி செய்து கொள்ளலாம் என்று தென்னாட்டு மக்கள் சொல்லுவார்களாம். நேரம் தவறாமையும் சொன்ன சொல் தவறாமையுமே அக்குடும்பத்தின் பெருமையாக இருந்தன.

செல்வமும் புகழும் நிறைந்த வீட்டில் பிறந்தபோதிலும் அக்காலத்து வழக்கத்திலிருந்து அவர் தப்பவில்லை. 1918-இல், 14-ஆம் வயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-இல்தான் வந்தது. இன்று 14 வயதில் நாம் ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்து தோழியரோடு மதிய உணவைப் பகிர்ந்து உண்கிறோம். அந்த வயதில் அவர் கழுத்தில் தாலி ஏறிவிட்டது என்பதை எண்ணும்போது மனம் திடுக்கிடுகிறது.

ஆயினும் கணவர் டாக்டர் சௌந்தரராஜன் நல்லவர். மனைவி உலகத்தை அறிய வேண்டும் என்று விரும்பியவர். நாட்டு விடுதலையில் ஆர்வம் கொண்டவர். ஆனால் அந்த இன்ப வாழ்வு நீடிக்கவில்லை. பிளேக் நோய் பரவியபோது நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த அவரை அந்நோயே பற்றிக் கொண்டது. 1925-ஆம் ஆண்டில் அவர் உயிர் நீத்தார். சௌந்தரம் அம்மையாருக்கு அப்போது ஏறத்தாழ 20 வயதுதான்.

பெற்றோர் செய்த முடிவு

அந்நாளில் கைம்பெண்களின் நிலையை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மங்கல காரியங்களில் அவர்கள் முன்னே வரக்கூடாது. நல்ல ஆடை உடுத்தக்கூடாது. வாசலில் நிற்கக்கூடாது. வீட்டின் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பதே குடும்ப கௌரவம் என்று கருதப்பட்டது. விதவை மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தும், ஊர் வாய்க்குப் பயந்தவர்களே மிகுதி.

அத்தகைய காலத்தில் அம்மையாரின் பெற்றோர் மகளை மூலையில் அமர்த்தவில்லை. மருத்துவம் படிக்க அனுப்பினார்கள். அதுவும் எங்கே? மதுரைக்கு அருகில் அன்று, தொலைதூரத்திலுள்ள டில்லிக்கு! பெண்களுக்காகவே 1916-இல் திறக்கப்பட்ட லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் அவர் சேர்ந்தார். மொழி வேறு, உணவு வேறு, குளிர் வேறு. தம்மினும் இளைய பெண்களோடு அமர்ந்து பாடம் கேட்டார். 1936-ஆம் ஆண்டில், தம் 32-ஆம் வயதில், மருத்துவப் பட்டம் பெற்றார்.

தேர்ச்சி பெற்ற செய்தி ஒரு வீட்டிற்கு வரும் நாள் எப்படிப்பட்ட நாள் என்பது பொதுத்தேர்வு எழுதவிருக்கும் எங்களுக்குத் தெரியும். அடுத்த வீட்டுக்கெல்லாம் இனிப்புப் போகும். அன்று அந்தப் பெற்றோரின் உள்ளம் எவ்வளவு குளிர்ந்திருக்கும்! பூட்டி வைத்த கௌரவத்தைவிடப் படிக்க வைத்த பெருமை உயர்ந்தது என்பதை அந்தப் பட்டம் காட்டிவிட்டது.

கதராடை மணம்

கல்லூரியில் அம்மையாருக்குத் தோழியாக வாய்த்தவர் சுசீலா நய்யார். அவர் மூலமாகக் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது. விடுதலை இயக்கத்திலும் அரிசனத் தொண்டிலும் ஈடுபட்டிருந்த கேரளத்தைச் சேர்ந்த ஜி. இராமச்சந்திரனையும் சந்தித்தார். இருவரும் மணம் செய்து கொள்ள விரும்பினர். மறுமணம், வேறு சாதி, வேறு மொழி. முன்பு துணிந்து நின்ற பெற்றோரும் இதற்கு இசையவில்லை.

காந்தியடிகள் ஒரு வழி சொன்னார். ஓராண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் பிரிந்திருக்க வேண்டும். அதன் பின்னும் மனம் மாறாதிருந்தால் மணம் செய்து கொள்ளலாம் என்பதே அது. ஓராண்டு கழிந்தது. இருவர் மனமும் மாறவில்லை. 1940-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் காந்தியடிகளின் ஆசியுடன் திருமணம் நடந்தது. மணமக்கள் உடுத்தியவை காந்தியடிகளும் கஸ்தூரிபா அன்னையும் தம் கையால் நூற்ற நூலில் நெய்த கதராடைகள். நகையும் பட்டும் கொண்டு வீட்டுப் பெருமையை அளக்கும் உலகில், பருத்தி நூலால் ஆன அந்தப் புடவைக்கு விலை உண்டோ?

இரண்டு அறை மருத்துவமனை

1942-ஆம் ஆண்டு ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் கணவனும் மனைவியும் பங்கு கொண்டனர். 1944 பிப்ரவரியில் கஸ்தூரிபா அன்னை சிறைக்காவலிலேயே காலமானார். அவர் நினைவாகத் திரட்டப்பட்ட நிதி கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவ வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த நினைவு நிதியின் தென்னாட்டுப் பணியைக் காந்தியடிகள் சௌந்தரம் அம்மையாரிடம் ஒப்படைத்தார்.

அம்மையார் நினைத்திருந்தால் மதுரையிலோ சென்னையிலோ பெரிய மருத்துவமனை வைத்துச் செல்வமாக வாழ்ந்திருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்ததோ தறி ஓசை கேட்கும் சின்னாளபட்டி. 1947-ஆம் ஆண்டில் அங்கு இரண்டே அறைகள் கொண்ட ஒரு மருத்துவ விடுதியைத் தொடங்கினார். அதே ஆண்டில் காந்திகிராமமும் தோன்றியது. அந்த இரண்டு அறைகளே பின்னாளில் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தன.

அக்காலத்தில் பிள்ளைப்பேறு என்றால் மகிழ்ச்சியோடு அச்சமும் வீட்டிற்குள் நுழையும். பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் படிப்பறியாத மருத்துவச்சிகள். அவர்கள் அன்பில் குறையில்லை. ஆனால் அரிவாளையோ பழைய பிளேடையோ கொதிநீரில் இடாமல் தொப்புள்கொடியை அறுத்தால் இசிவு நோய்க் கிருமி குழந்தையின் உடலில் புகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. 1951-ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் பிறந்த ஒவ்வோர் 1000 குழந்தைகளிலும் 140-க்கும் மேற்பட்டவை ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. இன்று அந்த எண்ணிக்கை 30-க்கும் குறைந்துவிட்டது. இத்தனை தொட்டில்கள் காலியாகாமல் காத்தவர்கள் யார்? சௌந்தரம் அம்மையாரைப் போன்ற மருத்துவர்களும், அவர் போன்றோரிடம் பயிற்சி பெற்றுக் கிராமம் கிராமமாக நடந்த சேவிகைகளும் அல்லவா!

ஆதரவற்ற குழந்தைகளையும் காந்திகிராமம் அணைத்துக் கொண்டது. அக்குழந்தைகளுள் பலர் பிள்ளையில்லாத தம்பதியரின் வீடுகளில் மகனாகவும் மகளாகவும் ஏற்கப்பட்டனர். கைவிடப்பட்ட ஒரு குழந்தை ஒரு வீட்டின் செல்லப் பிள்ளையாக மாறுவதைவிடப் பெரிய இன்பம் வேறு என்ன இருக்க முடியும்?

பாட்டி சொன்ன விடை

இனி என் பாட்டி சொன்னதைக் கூறுகிறேன். ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்ட பாட்டிக்கு முதலில் ஓர் ஆண் குழந்தை வீட்டிலேயே பிறந்தது. வீடெல்லாம் கொண்டாட்டம். எட்டாம் நாள் குழந்தையால் பால் குடிக்க முடியவில்லை. வாய் இறுகிவிட்டது. உடல் விறைத்தது. அன்று மாலையே இறந்துவிட்டது. பெயர் வைப்பதற்குக்கூட நாள் இல்லை. பாட்டி அக்குழந்தையை இன்றும் தம்பி என்றுதான் சொல்லுகிறார்கள்.

அடுத்த முறை பாட்டியைத் தாத்தா காந்திகிராமம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். முன்னதாகவே ஊசி போட்டார்கள். பேறு நடந்த அன்று தாத்தா வெளியே வேப்பமரத்தடியில் காலை முதல் நின்று கொண்டே இருந்தார்களாம். நர்ஸ் அம்மா துணியில் சுற்றிக் குழந்தையைக் கொண்டு வந்து கையில் கொடுத்தார்கள். அதுதான் என் அம்மா. தாத்தா கடைக்கு ஓடிச் சீனி வாங்கி வந்து அங்கிருந்த அனைவருக்கும், முன்பின் தெரியாதவர்களுக்கும் கொடுத்தார்கள். பெண் குழந்தைக்கா இவ்வளவு சீனி என்று ஒருவர் கேட்டாராம். தாத்தா பதில் சொல்லாமல் அவருக்கு இன்னும் ஒரு பிடி கொடுத்தார்களாம்.

எட்டாம் நாள் பாட்டி இரவு முழுவதும் தூங்கவில்லை. குழந்தை பால் குடிக்கிறதா என்று பார்த்துக் கொண்டே இருந்தார்கள். விடிந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. வேறு எந்த வீட்டிலும் குழந்தை அழுதால் தாய் பதறுவாள். தாம் அன்று அழுகை கேட்டு மகிழ்ந்ததாகப் பாட்டி சொன்னார்கள்.

அதன் பிறகு நான் பேருந்தில் சிரிப்பதில்லை. பாட்டி கை காட்டும்முன் நானே ஜன்னல் பக்கம் திரும்பிக் கொள்கிறேன்.

பொதுவாழ்வும் மறைவும்

1952-இல் ஆத்தூர்த் தொகுதியிலிருந்தும் 1957-இல் வேடசந்தூர்த் தொகுதியிலிருந்தும் அம்மையார் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962-இல் திண்டுக்கல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகி, மத்திய கல்வித் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். அதே ஆண்டில் பத்மபூஷண் விருது பெற்றார். 1967 தேர்தலில் தோல்வியுற்றார். ஆயினும் கிராமத் தொண்டு அவர் வாழ்வில் நிலைத்து நின்றது. 1956-இல் தொடங்கிய காந்திகிராம கிராமிய நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததை அவர் கண்ணாரக் கண்டார். 1984-ஆம் ஆண்டில் மறைந்தார். 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் தாங்கிய தபால் தலையை வெளியிட்டது.

டி.வி.எஸ். என்றால் உலகம் வண்டிகளை நினைக்கிறது. எங்கள் பக்கத்துப் பாட்டிமாரோ சௌந்தரம் அம்மாவை நினைக்கிறார்கள். என் பாட்டி அவரை நேரில் பார்த்ததில்லை; ஆனால் சொந்த அக்காவைப் போல் பேசுகிறார்கள்.

முடிவுரை

நம் ஆண்டவர் 30 ஆண்டுகள் நாசரேத்தூரில் ஓர் எளிய வீட்டில் வாழ்ந்தார். தச்சுப் பட்டறையும், தண்ணீர்க் குடமும், மாலை வேளைச் செபமும் நிறைந்த அந்த வீட்டைத் திருக்குடும்பம் என்று போற்றுகிறோம். எனவே சிறிய இன்பங்கள் கடவுள் பார்வையில் சிறியவை அல்ல. தந்தை வேலை முடிந்து வீடு திரும்புவது, தாய் தலை பின்னி விடுவது, தங்கை முதன்முதலாகத் தன் பெயரை எழுதிக் காட்டுவது ஆகிய இவையே ஒரு வீட்டின் செல்வம். தம் சொந்த இன்பத்தை இளமையிலேயே இழந்த சௌந்தரம் அம்மையார், பிறர் வீட்டு இன்பம் அணையாமல் காப்பதற்கே தம் கல்வியைச் செலவிட்டார். அதுவே அவர் பிறந்த குடும்பத்திற்கும் நம் திண்டுக்கல் மண்ணுக்கும் நிலைத்த பெருமை.

அன்புத் தோழியரே! இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும், நீங்கள் பிறந்த நாளன்று என்ன நடந்தது என்று உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள். வெளியே காத்து நின்றவர் யார், முதலில் தூக்கியவர் யார், சீனி கொடுத்தவர் யார் என்று கேளுங்கள். அந்த மகிழ்ச்சிக்குத் துணை நின்ற, பெயர் தெரியாத மருத்துவர்களுக்காகவும் செவிலியருக்காகவும் இரவுச் செபத்தில் ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள்.