காற்றை வசப்படுத்திய ஆசிரியர்

காற்று ஒரு நிலையில் நில்லாது. ஒரு நாள் சீறி வீசும். மறுநாள் ஓய்ந்து கிடக்கும். அத்தகைய காற்றைக் கொண்டு சிற்றூர்களில் மின்விளக்கு ஏற்றலாம் எனச் செய்து காட்டியவர், டென்மார்க்கு நாட்டு அறிஞர் போல் லா கூர்.

அவர் 1846ஆம் ஆண்டு பிறந்தார். வளர்ந்தபின் வானிலை நிலையத்தில் உயர்பதவி வகித்தார். தந்தித் துறையில் புதிய கருவி கண்டு பெயர் பெற்றார். ஆயினும் 1878இல் தலைநகரை விட்டு நீங்கி, ஆஸ்கோவ் என்னும் சிற்றூரின் மக்கள் உயர்பள்ளியில் ஆசிரியரானார். அங்குப் பயின்றோருள் பெரும்பாலார் உழவர் வீட்டுப் பிள்ளைகள்.

அந்நாளில் மின்சாரம் நகரத்தார்க்கே உரியதாக இருந்தது. அதனை நாட்டுப்புறத்திற்குக் கொணர விழைந்த லா கூர், 1891இல் அரசு நல்கிய பொருளுதவியால் பள்ளியின் அருகே காற்றாலை ஒன்றை எழுப்பினார். இடர் உடனே தோன்றியது. காற்றின் விரைவு மாறுந்தோறும் மின்னாக்கியின் சுழற்சியும் மாறிற்று. இதனைச் சீர்செய்ய அவர் அமைத்த கருவி மிக எளியது. ஆலையின் விசையைக் கொண்டுசெல்லும் தோல்வார், எடை கட்டித் தொங்கவிட்ட உருளையின்மேல் ஓடியது. விசை அளவு கடந்தால் வார் வழுக்கும். மிகையான விசை மின்னாக்கியை எட்டாது. கிராட்டோஸ்டாட்டு என அதற்குப் பெயரிட்டார்.

காற்றில்லா நாளுக்கு என் செய்வது? மின்சாரத்தால் நீரைப் பகுத்து, ஹைட்ரஜன் வாயுவைத் தொட்டியில் சேர்த்தார். 1895 முதல் பள்ளியின் விளக்குகள் அவ்வாயுவால் எரிந்தன. ஆனால் அதனுடன் ஆக்சிஜன் சிறிது கலந்துவிட்டால் வெடிக்கும். பள்ளிச் சன்னல்கள் பன்முறை உடைந்தன, பன்முறை புதுக்கப்பட்டன. பின்னர் அவர் மின்கல அடுக்குகளை நாடினார். மின்கலத்தில் சேர்ந்த மின்சாரம், காற்றுக் குறையும்போது மின்னாக்கிக்கே திரும்பிப் பாயாவண்ணம் தானே துண்டிக்கும் சாவி ஒன்றையும் இயற்றினார். அடுத்தடுத்துப் பல நாள் காற்று வீசாவிடின் மின்கலமும் வறண்டுபோகும். ஆதலால் எரிபொருளால் ஓடும் இயந்திரம் ஒன்றும் துணைக்கு வைக்கப்பட்டது. காற்றாலைக்காகவே உழைத்தவர் அதனருகில் இயந்திரத்தை நிறுத்தத் தயங்காதது அவரது நேர்மைக்குச் சான்று.

1904 முதல் நாட்டுப்புற இளைஞர்க்கு மின்தொழில் கற்பித்தார். அவருள் ஒருவரான யோகன்னஸ் யூல், 1957இல் கெட்செர் என்னுமிடத்தில் 200 கிலோவாட் காற்றாலையை அமைத்துப் புகழ்பெற்றார்.

லா கூர் 1908இல் காலமானார். பத்தாண்டுகளில், டென்மார்க்கில் ஏறத்தாழ 120 ஊர்ப்புற மின்நிலையங்களில் காற்றாலைகள் சுழன்றன. 1942இல் போகோ என்னும் தீவில் எழுந்த காற்றாலை, டீசல் இயந்திரத்துடன் இணைந்து அத்தீவு மக்களுக்கு மின்சாரம் வழங்கிற்று.