மருத்துவர் குப்புசாமி, சுவாமி சிவானந்தர் ஆனார்

ஜொகூர் நீரிணைக்கு அப்பால், நம் கண்ணுக்கெட்டும் தொலைவில் மருத்துவராய் விளங்கிய தமிழர் ஒருவரே பின்னாளில் உலகறிந்த யோகாசிரியரானார் என்பதை நம்மில் பலர் அறிந்திலர்.

நெல்லைச் சீமையின் பத்தமடையில் 1887 செப்டம்பர் 8ஆம் நாள் பிறந்த குப்புசாமி, தஞ்சையில் மருத்துவம் பயின்று 1913இல் மலாயா வந்தார். நெகிரி செம்பிலானில் ரப்பர்த் தோட்ட மருத்துவமனையிலும், பின்னர் ஜொகூர் பாருவிலும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணியாற்றினார். ஏழைத் தொழிலாளரிடம் கட்டணம் பெறாததோடு, பலருக்குத் தம் கைப்பொருளையும் ஈந்தார். உடற்பிணி தீர்ந்த பின்னும் உள்ளத்துயர் எஞ்சி நிற்பதை அங்கேதான் கண்டார். 1923இல், நம் கடற்பாலம் முறைப்படி திறக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டில், நல்ல ஊதியத்தைத் துறந்து தாயகம் திரும்பினார். 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார்.

துறவியினுள் மருத்துவர் மறைந்துவிடவில்லை. லட்சுமண ஜூலாவில் இலவச மருந்தகம் நடத்தினார். 1936இல் திவ்விய ஜீவன சங்கத்தை நிறுவினார். 1945இல் ஆயுர்வேத மருந்துச்சாலையும் கண்டார். ஆசனம், மூச்சுப் பயிற்சி, அளவான உணவு, ஓய்வு ஆகியவற்றை இல்லறத்தாருக்கும் எளிய நடையில் எழுதினார். ஆயினும் யோகத்தை மருந்துக்கு மாற்றாக அவர் நிறுத்தவில்லை. அலுவலகக் களைப்புக்கு ஆசனம் நாடும் நம்மவர் இதனைக் கருத்திற்கொள்ளுதல் நன்று. சீடர் விஷ்ணுதேவானந்தர் அம்முறையை 1957இல் மேலை நாடுகளுக்கு எடுத்துச் சென்றார். சுவாமிகள் 1963 ஜூலை 14ஆம் நாள் கங்கைக் கரையில் மகாசமாதி எய்தினார்.