கொள்ளுத் தாத்தாவின் குறியும் ஜேம்ஸ் பாரிஸ் லீயும்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய புகைப்படம் இருக்கிறது. லுக்குட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் 1949இல் எடுத்தது. காக்கிச் சட்டை, அரைக்கால் சட்டை, தோளில் துப்பாக்கி. அவர் என் தாத்தாவின் அப்பா.

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காவல் காக்க ஆயிரக்கணக்கானோரைச் சிறப்புக் காவலர்களாகச் சேர்த்தார்கள். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், நம்மவர்களும் இருந்தார்கள். எஸ்.சி. என்றால் இன்றும் வயதானவர்களுக்குத் தெரியும்.

கொள்ளுத் தாத்தா எஸ்.சி.யாக ஓராண்டுகூட நீடிக்கவில்லை. சுடும் பயிற்சியில் அவர் குண்டு குறியில் படவே இல்லையாம். கண் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் பால்வெட்டுக்குப் போனார். மாதச் சம்பளம் போனதைவிட, சாகும்வரை குறி தப்பினவர் என்று லயத்தில் கேலி பேசியதுதான் அவரை அதிகம் உறுத்தியது என்பார் தாத்தா.

போன தீபாவளிக்குத்தான் தாத்தா இன்னொரு விஷயத்தையும் சொன்னார். பயிற்சிப் பலகையில் குண்டுத் துளைகள் எல்லாம் ஒரு தேநீர்த் தட்டு அளவுக்குள் நெருக்கமாக இருந்தனவாம். ஆனால் எல்லாமே இடதுபக்க ஓரத்தில்.

நான் இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அதைக் கேட்டதும் வாயில் வைத்த முறுக்கு அப்படியே நின்றுவிட்டது. இடைநிலைப்பள்ளி அறிவியலில் நாம் மலாயில் படித்த கெபெர்சிசான், கெஜித்துவான் என்ற இரண்டும் நினைவிருக்கிறதா? தமிழில் பேசும்போது இரண்டையும் துல்லியம் என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் அளவுகள் ஒன்றோடொன்று நெருங்கி வருவது வேறு, உண்மையான இடத்தில் போய் விழுவது வேறு. கண் மங்கியவர் சுட்டால் துளைகள் பலகை முழுக்கச் சிதறியிருக்கும். ஒரே இடத்தில் குவிந்து, அந்த இடம் மட்டும் தள்ளியிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது துப்பாக்கியை.

அப்படியென்றால் அது என்ன துப்பாக்கி? இந்தக் கேள்விதான் என்னை ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

லீ 1831 ஆகஸ்டு 9ஆம் தேதி ஸ்காட்லாந்தின் ஹாவிக் ஊரில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே குடும்பம் கனடாவுக்குப் போய், ஒண்டாரியோவில் கால்ட் என்ற சிற்றூரில் குடியேறியது. அப்பா கடிகாரமும் நகையும் செய்பவர். மகனும் அந்தத் தொழிலைத்தான் கற்றான். ஆனால் பன்னிரண்டு வயதிலேயே பழைய கைத்துப்பாக்கி ஒன்றின் குழலை எடுத்து, தானே கட்டை செதுக்கி, முதல் துப்பாக்கியைச் செய்துவிட்டான். அது சரியாக வேலை செய்யவில்லை என்கிறார்கள். பன்னிரண்டு வயதில் நான் செய்த அறிவியல் கண்காட்சி எரிமலையும் சரியாக வேலை செய்யவில்லை; அதனால் அவர் மேல் எனக்கு ஒரு பாசம்.

கடிகாரக் கடையில் பழகிய கை என்பதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஒரு பல்சக்கரம் இன்னொன்றோடு சரியாகப் பொருந்தவில்லை என்றால் கடிகாரம் ஓடாது. லீ அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போய், ஸ்டீவன்ஸ் பாயிண்ட் ஊரில் 1858இல் கடிகாரக் கடை வைத்தார். மூன்றே ஆண்டுகளில் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தது. அப்போதைய துப்பாக்கிகளில் குழலின் முன்வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு இடிக்க வேண்டும். பின்பக்கமாகவே தோட்டாவைப் போடும் ஓர் அமைப்பை லீ உருவாக்கி 1862இல் காப்புரிமை பெற்றார். மில்வாக்கியில் கம்பெனி தொடங்கினார். அமெரிக்கப் படையிடமிருந்து 1,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தமும் கிடைத்தது.

அங்கேதான் விழுந்தார். துப்பாக்கிகள் தயாரானபோது, தோட்டா அளவு தாங்கள் கேட்டதோடு ஒத்துப்போகவில்லை என்று படை ஏற்க மறுத்தது. ஒப்பந்தத்தில் எழுதிய அளவை இரு தரப்பும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். போரும் அதற்குள் முடிந்திருந்தது. வேலையை நன்றாகச் செய்த கடிகாரக்காரருக்கு, அளவு தப்பினவர் என்ற பெயர்.

அடுத்த பல ஆண்டுகளில் லீ தொழிற்சாலை தொழிற்சாலையாக அலைந்தார். அந்தப் பகுதியை விட்டுவிட்டு நேராக 1879க்கு வருகிறேன். அதற்குமுன் பல தோட்டாக்களை நிரப்பும் துப்பாக்கிகளில், குழலுக்குக் கீழே நீளமான குழாயில் தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைப்பார்கள். லீ அவற்றைச் செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு சின்னத் தகரப் பெட்டியில் அடுக்கினார். அடியில் ஒரு வில்தகடு. மேலே இருக்கும் தோட்டாவைப் போல்ட் தள்ளிக்கொண்டு போனதும் அடுத்தது தானாக மேலே வரும். பெட்டியைக் கழற்றவும் முடியும். இன்றைய துப்பாக்கிகளின் மெகசினுக்கு இதுதான் வழிகாட்டி. நியாயமாகப் பார்த்தால் அவர் பெயர் இதற்காகத்தான் நிலைத்திருக்க வேண்டும்.

இதைத் தயாரிக்க முன்வந்த ஷார்ப்ஸ் கம்பெனியும் கடையை மூடிவிட்டது. ரெமிங்டன் கம்பெனி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அமெரிக்கக் கடற்படை கொஞ்சம் வாங்கியது. பெரிய வாய்ப்பு பிரிட்டனிலிருந்து வந்தது. பல சோதனைகளுக்குப் பிறகு லீயின் போல்ட்டையும் மெகசினையும், வில்லியம் எல்லிஸ் மெட்ஃபோர்ட் என்ற பொறியாளர் வடிவமைத்த குழலையும் இணைத்து 1888இல் .303 துப்பாக்கியை ஏற்றார்கள். அதுதான் லீ-மெட்ஃபோர்ட். புகையில்லாத கார்டைட் மருந்து வந்ததும் அதன் சூட்டில் மெட்ஃபோர்டின் ஆழமில்லாத உள்வரிகள் சீக்கிரம் தேய்ந்தன. என்ஃபீல்ட் ஆலை ஆழமான ஐந்து வரிகள் போட்டுக் குழலை மாற்றியது. 1895இல் லீ-என்ஃபீல்ட் பிறந்தது. குழல்காரரின் பெயர் போய்விட்டது, லீயின் பெயர் நின்றுவிட்டது.

லீ 1904 பிப்ரவரி 24ஆம் தேதி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இறந்தார். அவர் துப்பாக்கியின் குட்டையான வடிவம் பிரிட்டிஷ் படைக்குள் வரத் தொடங்கிய நேரம் அது. இரண்டு உலகப் போர்களிலும் அது எத்தனை கைகளில் இருக்கப்போகிறது என்பதை அவர் பார்க்கவில்லை. இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவின் லித்கோ, கனடாவின் லாங் பிராஞ்ச், இந்தியாவின் இஷாப்பூர் என்று பல ஆலைகளில் தயாரானது. எல்லா வகைகளையும் சேர்த்து 1.7 கோடி வரை கணக்கிடுகிறார்கள். தமிழ்ப் படங்களில் போலீஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடும் த்ரீ நாட் த்ரீ இதே குடும்பம்தான்.

போர்ட்டிக்சன் தரைப்படை அருங்காட்சியகம் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம். 1933 மார்ச் 1ஆம் தேதி 25 பேரோடு மலாய் படைப்பிரிவு தொடங்கிய ஊர் அல்லவா அது! புகைப்படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போய், கண்ணாடிக்கு வெளியே நின்று ஒப்பிட்டுப் பார்த்தேன். முன்மூக்கைப் பார்த்தாலே வகை தெரிந்துவிடும். குழல் வெளியே நீட்டாமல், மூக்கு தட்டையாக வெட்டினாற்போல் இருந்தால் முதல் உலகப் போர்க்கால வகை. குழல் நுனி சற்று நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டாம் உலகப் போரின் நான்காம் எண். நுனியில் கூம்பு இருந்தால் காட்டுப் போருக்கான ஐந்தாம் எண். கொள்ளுத் தாத்தாவின் தோளில் இருந்தது தட்டை மூக்கு. கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால், கட்டையும் இரும்பும் சேரும் கழுத்தின் வலப்புறத்தில் கிரீடமும், அதன் கீழே ஆலையின் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும்.

அதாவது 1949இல் அவருக்குக் கிடைத்தது, பலர் கைமாறிய பழைய சாமான்.

இன்று இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உரிமம் பெற்ற சங்கத்தினர் இத்தகைய பழைய துப்பாக்கிகளைத் தேடி வாங்கி, இழந்த துல்லியத்தை மீட்கிறார்கள். அவர்கள் செய்யும் சோதனைகளைப் படித்தால் லீயின் கடிகாரக் கடைக்கே திரும்பி வந்த மாதிரி இருக்கும். முதலில் போல்ட்டில் உள்ள எண்ணும் துப்பாக்கி உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் உடலுக்கென்றே பொருத்தி எண் போட்டிருப்பார்கள். மாறிப்போனால் தோட்டா உட்காரும் இடைவெளியும் மாறும். அது துல்லியத்தை மட்டுமல்ல, சுடுபவரின் பாதுகாப்பையும் பாதிக்கும். அடுத்து குழலின் வாய். சுத்தம் செய்யும் கயிற்றைக் கோணலாக இழுத்து இழுத்து வாயின் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், குண்டு வெளியேறும்போதே திசை மாறும்.

மூன்றாவதுதான் நம் கதைக்கு முக்கியம்: மரம். குழலைத் தாங்கும் நீண்ட முன்கட்டை, குறிப்பிட்ட இடங்களில் குறிப்பிட்ட அழுத்தத்தோடு இரும்பைத் தொட வேண்டும். மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். பக்கவாட்டில் குழலை லேசாக நெருக்கினாலே குண்டு தள்ளிப்போகும். விடியற்காலைப் பனியும் பிற்பகல் மழையுமாக இருக்கும் ரப்பர் தோட்டத்தைவிட மரத்துக்கு வேறு என்ன சோதனை வேண்டும்? இதையெல்லாம் சரிசெய்த பிறகு, கடைசியாகத்தான் குழல் நுனியில் உள்ள முன்குறியை அதன் காடியில் இடம் வலமாக நகர்த்தி, குவியலை நடுவுக்குக் கொண்டுவருவார்கள். படையில் இது ஆயுதம் பழுதுபார்ப்பவரின் வேலை. சுடுபவர் தொடக் கூடாது.

(ஒரு வார்த்தை: நம் நாட்டில் உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கடும் குற்றம். பழைய வீட்டில், தோட்டத்தில் எது அகப்பட்டாலும் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.)

கொள்ளுத் தாத்தாவின் துப்பாக்கியில் பிழை மரத்திலா, முன்குறியிலா என்று எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவர் கண்ணும் கையும் எப்படி இருந்தன என்று சொல்ல முடியும். பால்வெட்டில் பட்டையைச் சீவும்போது கத்தி சற்று ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பால் வராது. இருட்டு விலகாத நேரத்தில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தினமும் நூற்றுக்கணக்கான மரங்களை முப்பது ஆண்டுகள் அவர் வெட்டினார்.

அருங்காட்சியகத்திலிருந்து வந்த அன்று மாலை, பழைய நோட்டுத் தாளில் பலகையை வரைந்து, இடது ஓரத்தில் புள்ளிகள் வைத்துத் தாத்தாவுக்கு விளக்கினேன். குண்டு இடப்பக்கம் போனால் முன்குறியை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று கேட்டார். இடப்பக்கமே தள்ள வேண்டும் என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு பென்சிலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நுனியில் விரலை வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். வெகுநேரம் கழித்துத் தலையாட்டினார். பிறகு எழுந்துபோய், அலமாரியிலிருந்த படத்தை எடுத்து வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.