டயானா ஏறிய அந்த கார்: ஓட்டுநர் குடிச்சிருந்தது தெரியலையா?

சார்லஸை மணந்தபோது டயானாவுக்கு வயது 20. 1996-ல் விவாகரத்து. 1997 ஜனவரியில் அங்கோலாவில், கண்ணிவெடி புதைந்த நிலத்தில் உடற்கவசம் மாட்டிக்கொண்டு நடந்தவர் அவர். அதே வருஷம் ஆகஸ்ட் 31, நள்ளிரவு தாண்டி பாரிஸின் ரிட்ஸ் ஹோட்டலில் இருந்து கிளம்பிய காரில் சீட் பெல்ட் போடலை.

ஓட்டியவர் ஆன்றி பால், ஹோட்டலின் பாதுகாப்புத் துணைத் தலைவர். டியூட்டி முடிஞ்சு போனவரைத் திரும்பக் கூப்பிட்டிருந்தாங்க. ஹோட்டல் சிசிடிவியில் தள்ளாட்டமே தெரியல. ஆனா ரத்தத்தில் ஆல்கஹால், பிரான்ஸ் சட்டம் அனுமதிச்சதைப்போல் சுமார் 3 மடங்கு!

பாப்பராசிகள் துரத்தினாங்க, உண்மைதான். ஆக்சிலரேட்டர் இவர் காலடியில்தானே இருந்தது? அல்மா சுரங்கப்பாதைத் தூணில் கார் மோதியது. நால்வரில் பிழைச்சது மெய்க்காவலர் மட்டும். 2008-ல் லண்டன் ஜூரி, துரத்திய வாகனங்களோடு ஆன்றி பாலையும் பொறுப்பாக்கியது. டயானாவுக்கு 36 வயசுதான் ஆகியிருந்தது.